பார்த்தால் சைபர், பார்க்காவிட்டால் கோடு

ஜூன் 8, கோவை வாசகர் ஒருவர் தொடங்கி வைத்தது

"அறிவியலும் கலையும் மேதைகளுக்கு மட்டும் வாய்ப்பவை. மின்னல் மாதிரி ஒரு நொடியில் வந்து விழும். விழாதவர்களுக்கு விழாது. மாதக் கடைசியில் மளிகைக் கடனை அடைக்கவே மூச்சு முட்டுகிற நமக்கு அதில் என்ன பங்கு? மறுப்பவர்கள் மறுக்கலாம்."

ஜூன் 9, இரவு 9.40

மறுக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மளிகைக் கடன் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். தப்பியவர்களில் பெருங்கூட்டம் கடல் தாண்டி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனது. எங்கள் குடும்பமும் அப்படித்தான் போனது என்று தாத்தா சொல்வாராம். அதே பஞ்சம்தான் அரசாங்கத்தை இன்னொரு கேள்வியும் கேட்க வைத்தது: மழை பொய்க்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? சூரியனில் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழையும் அதோடு சேர்ந்து கூடிக் குறைகிறதோ என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அப்படியானால் சூரியனைத் தினமும் பார்க்க வேண்டும். அதற்கு உயரமான, தெளிந்த வானமுள்ள இடம் வேண்டும். மைக்கி ஸ்மித் என்பவர் நீலகிரியையும் பழனி மலையையும் அலசிப் பார்த்துவிட்டு, கொடைக்கானல்தான் சரி என்றார். 1899இல் அங்கே சூரிய ஆய்வகம் வந்தது.

ஒரே பஞ்சம் என் முன்னோரைக் கப்பல் ஏற்றியிருக்கிறது, தொலைநோக்கியை மலை ஏற்றியிருக்கிறது. பசியில்லாதவர்கள் பொழுது போகாமல் தொடங்கிய வேலையாக எனக்கு இது தெரியவில்லை.

ஜூன் 10

1899 தவறு, 1901தான் என்று ஒருவர் திருத்துகிறார். சென்னையிலிருந்து வேலை மலைக்கு மாறியது 1899. முறையான நோக்குதல் தொடங்கியது 1901. இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 13, மாலை

கோவை நண்பர் விடவில்லை. "சரி, ஆய்வகம் வந்தது. பஞ்சத்துக்கு விடை கிடைத்ததா?" என்கிறார். நேர்மையான கேள்வி. நான்கு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறொன்று. ஜான் எவர்ஷெட் 1907இல் கொடைக்கானலுக்கு வந்தார். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, படம் பிடித்தபோது, அதிலிருந்த கோடுகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்ததைக் கண்டார். புள்ளிக்கு நடுவில் கறுப்பாக ஒரு கரு இருக்கும். அதைச் சுற்றி இழை இழையாகச் சாம்பல் நிற வளையம். அந்த வளையத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது. நம்மை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி நீலத்தின் பக்கம் நகர்கிறது, விலகிப் போகும் பக்கத்தின் ஒளி சிவப்பின் பக்கம் நகர்கிறது. கோடு சாய்ந்ததற்கு அதுதான் காரணம். இன்றைக்கும் உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் மனைவி மேரியும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கொடைக்கானலில் இருந்து ஆராய்ந்தார். அதே ஆண்டுகளில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பாட்டில் வரும் வானியலைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். கலையும் அறிவியலும் வேறு வேறு வீடு என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இவரைத்தான்.

ஆனால் நண்பர் கேட்டது சோற்றைப் பற்றி. அதற்கு இது பதிலாகாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 13, இரவு 11.15

தூக்கம் வரவில்லை. மாலையில் எழுதியது பாதிதான்.

கில்பர்ட் வாக்கர் என்று ஒரு கணித அறிஞர். 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் உறவு இருக்கிறதா என்று எண்களை வைத்தே சோதித்தார். நம்பி நிற்கும் அளவுக்கு உறவு இல்லை. அத்தோடு விடாமல், உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் காற்றழுத்தம், வெப்பம், மழை என்று பதிவுகளைத் திரட்டி, எது எதோடு சேர்ந்து ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்குப் போட வைத்தார். கணினி இல்லாத காலம். போட்டவர்கள் இந்தியக் குமாஸ்தாக்கள். வரிசை வரிசையாகக் கூட்டி, பெருக்கி, வகுத்தார்கள். அதிலிருந்துதான் பசிபிக் கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், அங்கே இறங்கினால் இங்கே ஏறும் என்ற ஏற்றப்பலகை ஆட்டம் வெளிப்பட்டது. தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். 1969இல் பியர்க்னெஸ் என்பவர் அதை எல் நினோவோடு சேர்த்துக் காட்டினார். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ, அப்போது இந்தியாவில் பெரும்பாலும் மழை குறையும். தாது பஞ்சத்தின் நடு ஆண்டான 1877இல் அடித்தது மிகக் கடுமையான எல் நினோ.

சூரியனில் தேடியது பசிபிக் கடலில் இருந்திருக்கிறது. கண்டுபிடிக்கத் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆனது. கண்டவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. தினமும் காலையில் பாதரசத்தைப் பார்த்து எண்ணை எழுதியவர்கள் யார்? கூட்டிக் கழித்தவர்கள் யார்? எனக்கு ஒரே ஒருவரைத் தெரியும், அவரும் வாக்கர் காலத்துக்கு வெகு பின்னால் வந்தவர். அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜூன் 20

என் அப்பா.

1972இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. ஹட்டன் பக்கம் பிறந்தவருக்கு இந்தியா புது ஊர். இங்குள்ளவர்களுக்கு அவர் கடைசி வரை சிலோன்காரர். முதலில் களை வெட்டினார், கவாத்து வெட்டினார். கையெழுத்து குண்டுமணி மாதிரி இருக்கும் என்பதால் தோட்டத்து ஆபீசில் எடுபிடி வேலைக்கு எடுத்தார்கள். அதில் ஒரு வேலை, காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவது.

தோட்டத்தில் மழை என்றால் அங்குலமும் சென்ட்டும். நூறு சென்ட் ஓர் அங்குலம். "நேத்து ரெண்டு அங்குலம் பத்து சென்ட்" என்று சம்பளக் கணக்கு மாதிரி பேசிக்கொள்வார்கள்.

மழையில்லாத நாளில் சைபர் போடுவார். ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் நான் நோட்டைப் பார்த்தேன், முந்தின நாளுக்கு நேரே ஒரு கோடு இழுத்திருந்தார். "மழைதான் பெய்யலையேப்பா, சைபர் போட வேண்டியதுதானே" என்றேன். எனக்குப் பத்து வயது இருக்கும்.

"பார்த்து இல்லைன்னா சைபர். பார்க்கலைன்னா கோடு. ரெண்டையும் கலந்தா கணக்கு கெட்டுப் போயிரும்."

பிறகு நான் கல்லூரியில் படித்த எந்தப் பாடமும் இதைவிடத் தெளிவாக இதைச் சொல்லவில்லை.

ஜூலை 2

வீட்டில் மழைமானி செய்ய முடியுமா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்றபின் செய்தது இது. பால்பவுடர் டின். அதற்குள் நேரான சுவருள்ள ஒரு கண்ணாடி பாட்டில். மேலே தகரப் புனல். மழை புனல் வழியாகப் பாட்டிலில் இறங்கும், பாட்டில் நிறைந்தால் டின்னில் வழியும், அதையும் ஊற்றி அளந்துகொள்ளலாம். மரம், சுவர், கூரை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. புனல் வாய் 15 செ.மீ., பாட்டில் 5 செ.மீ., அதாவது மூன்று மடங்கு. அதனால் ஓர் அங்குல மழை பாட்டிலில் மூன்று அங்குலமாக உயர்ந்து நிற்கும். சின்ன மழையையும் கண்ணால் படிக்கலாம்.

ஜூலை 3, காலை

மேலே தப்பாக எழுதிவிட்டேன். மூன்று மடங்கு என்பது விட்டம். மழையைப் பிடிப்பது பரப்பு. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. ஓர் அங்குல மழை பாட்டிலில் ஒன்பது அங்குலம் நிற்கும். அப்பாவின் பாட்டில் ஒன்பது அங்குல உயரம்தான், முழு பாட்டில் ஓர் அங்குல மழை. யாராவது நேற்றே அளவு ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டு மாற்றி ஒட்டுங்கள்.

இன்று இதையே ஏழாம் வகுப்பில் வேண்டுமென்றே கேட்டேன். வகுப்பு முழுக்க மூன்று என்றது. ஒரு பெண் மட்டும் பேசாமல் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் சின்ன வட்டங்களை அடுக்கப் பார்த்தாள். அடுக்க அடுக்க இடைவெளி மிஞ்சியது. "டீச்சர், ஏழுக்கு மேல வருது, ஆனா முழுசா அடங்கல" என்றாள். அந்த மிச்ச இடைவெளியைப் பற்றிப் பேசியே பீரியட் முடிந்தது. அவள் அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா இல்லை. நண்பர் சொன்ன மின்னல் இதுவாக இருந்தால், அது எங்கள் வகுப்புத் தரையிலும் விழுகிறது.

ஜூலை 19

பேச்சு இடி மின்னலுக்குத் தாவிவிட்டதால் இது. ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணுவது அதன் வேலை. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் மேலே கடந்தபோது எண்ணிக்கை குறைந்தது. மேகத்தின் மின்னழுத்தம் துகள்களைப் பாதித்திருக்கிறது. கணக்குப் போட்டதில் அது சுமார் 130 கோடி வோல்ட். 2019இல் வெளியிட்டார்கள். விண்ணைப் பார்க்க வைத்த கருவி, தலைக்கு மேலே போன மேகத்தை அளந்துவிட்டது. இதுவும் கொடைக்கானல் கதை மாதிரிதான் என்று எனக்குப் படுகிறது.

ஆகஸ்ட் 11

அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்ததை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் மறக்க முடியாதது 2009 நவம்பர். மலை முழுக்க மண் சரிந்தது. நாற்பது பேருக்கு மேல் போனார்கள்.

அன்றைக்கு நான் அப்பா வீட்டில் இருந்தேன். அவர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டு. கரண்ட் மாலையே போய்விட்டது. டின்னும் பாட்டிலும் சேர்ந்து ஐந்து அங்குலம் தாங்கும். "இது தாங்காது, ரெண்டு மணிக்கொரு தரம் எடுக்கணும்" என்று எட்டு மணிக்கே சொல்லிவிட்டார். அதுவரை 4.20. அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பா வெளியே போவார். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வருவார். நான் டார்ச் பிடிப்பேன். பாட்டிலில் ஊற்றுவார், கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து கொண்டுவந்து பார்ப்பார், கொட்டுவார், மறுபடி ஊற்றுவார். இரண்டு முழு பாட்டில், அப்புறம் அறுபது. 10 மணிக்கு 2.60. 12 மணிக்கு 2.90. பேனா மை நனைந்து ஊறிப் பரவியதும் பென்சிலுக்கு மாறினார். அந்தப் பக்கத்தில் இப்போதும் நீலக் கறை இருக்கிறது, அதன் மேல் பென்சில் எழுத்து.

ஒரு மணிக்கு 1.70 எழுதி முடித்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம். லாரியில் ஜல்லி கொட்டுவது போல, ஆனால் நிற்கவேயில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டின் சமையலறை கீழே போய்விட்டது. நல்ல வேளை, உள்ளே யாருமில்லை. எல்லோரும் போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அம்மா ரேஷன் கார்டை எடுத்தார். அப்பா நோட்டை எடுத்தார்.

காலையில் வந்து பார்த்தால் டின் மண்ணுக்குள். நோட்டில் எழுதினார்: "இரவு 1 மணி வரை 11.40. பிறகு —".

தோட்டத்து மழைமானியும் வழிந்து போயிருந்தது. ஆபீசிலிருந்து ஆள் வந்து அப்பாவின் கணக்கைக் கேட்டார். அப்பா கோட்டோடு சேர்த்துக் கொடுத்தார். வந்தவருக்கு முழு நாள் எண் வேண்டும். "உத்தேசமா ஒரு பதினஞ்சு போடுங்கண்ணே, யாரு கேக்கப் போறா" என்றார். அப்பா மாட்டேன் என்றார். அவர் தானே 15 என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 12

நேற்று எழுதியபின் ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த ஆபீஸ்காரர் மேல் எனக்குப் பல வருஷம் கோபம். ஆனால் அன்றைக்கு அவருக்கும் மேலிருந்து நூறு கேள்வி வந்திருக்கும், அவர் வீட்டில் என்ன நிலைமையோ. மனிதர் மேல் கோபம் போய்விட்டது. அந்த 15 மேல் போகவில்லை. எங்கோ ஒரு காகிதத்தில் அது உண்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

11.40 அங்குலம் எவ்வளவு என்று கேட்டவருக்கு: சுமார் 290 மி.மீ.

ஆகஸ்ட் 24

"அந்தப் பிடிவாதத்தால் உங்கள் அப்பாவுக்கு என்ன கிடைத்தது?"

ஒன்றும் கிடைக்கவில்லை. எழுதிய காலத்தில் மழைமானிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. வாங்கிய கடன் வாங்கியபடி இருந்தது. அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அப்பாவை உயர்த்தி எழுதும்போது அம்மாவை மறக்கிறேன் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். அட்டைக்கடி, முட்டிவலி, விரல் நுனியெல்லாம் கறை. அப்பா எட்டரைக்குக் குடுவையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நிற்கும்போது, அம்மா அதே மழையில் ஒரு மணி நேரமாக நின்றிருப்பார். "அளந்தது அவரு, நனைஞ்சது நானு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பொய் கிடையாது. வலியும் இருந்தது.

ஆகவே நண்பரின் கேள்வியில் பாதியை நான் ஏற்கிறேன். பாடுபடுகிறவர்களுக்கு நேரம் இல்லை. அம்மாவுக்கு இருக்கவேயில்லை. அப்பாவுக்குக் கிடைத்தது அம்மாவால்.

செப்டம்பர் 6

இன்னொரு வாசகர் எழுதியிருப்பது குத்தியது. "எண்ணைப் பார்த்து எழுதுவது உண்மையாக இருக்கலாம், படைப்பு ஆகாது. வாக்கர் படைப்பாளி, குமாஸ்தா குமாஸ்தாதான்." பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

செப்டம்பர் 21

பதில் கிடைத்துவிட்டது. அதுவும் அப்பாவின் பெட்டியில்.

1994ஆம் ஆண்டு நோட்டு. ஆகஸ்ட் மாதம் மட்டும் ஒரு பத்திக்குப் பதில் இரண்டு பத்தி. தலைப்பில் "வெளி", "மரத்தடி". எனக்கு அந்த வருஷம் நினைவிருக்கிறது. மழைமானிக்குப் பக்கத்து சில்வர் ஓக் கிளை பரப்பி அதன் மேலே வந்துவிட்டது. மூடுபனி நாளில், ரோடு காய்ந்து கிடக்க, மானியில் மட்டும் இரண்டு மூன்று சென்ட் தண்ணீர். யாரோ ஊற்றுகிறார்கள் என்று ஆபீசில் பேச்சு வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரே அளவில் இரண்டு டின் தேடிப் பிடித்து, ஒன்றை மரத்தடியில், ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தார். மாதம் முழுக்க இரண்டையும் அளந்தார். சில வரிகள் அப்படியே:

மூடுபனி. வெளி 0, மரத்தடி 3.
மூடுபனி. வெளி 0, மரத்தடி 4.
மழை. வெளி 85, மரத்தடி 61.
மூடுபனி. வெளி 1, மரத்தடி 3.

கடைசியில், ஓரத்தில், பென்சிலில்: "பனி நாளில் மரம் கொடுக்குது. பெரிய மழையில் மரம் எடுத்துக்குது."

இரண்டும் உண்மை. மிதந்து போகும் பனித்துளியை இலைகள் பிடித்துச் சேர்த்துச் சொட்டவிடுகின்றன. பெருமழையில் கொஞ்சத்தை இலையும் கிளையும் தாங்கிக்கொள்ள, அது தரைக்கு வராமலே ஆவியாகிறது. சோலைக்காடுகள் மழையில்லாத நாளிலும் மூடுபனியிலிருந்து நீர் இறக்குவது இப்படித்தான் என்று நான் புத்தகத்தில் படித்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர் ஆறாவதுவரை படித்தவர். சந்தேகம் வந்தது, இரண்டு டின் வைத்தார், ஒன்று மட்டும் மாறும்படி பார்த்துக்கொண்டார், பொறுத்திருந்தார், இரண்டு வரியில் எழுதினார். இதைப் படைப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் அவர் காட்டவில்லை. என்னிடம்கூட. அதுதான் தாங்கவில்லை. அவர் உயிரோடிருந்தபோது இந்தப் பெட்டியை நான் ஏன் திறக்கவில்லை?

செப்டம்பர் 22

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் பதில் எழுத முடியவில்லை. படித்தேன்.

அக்டோபர் 30

அப்பா போய் மூன்று ஆண்டு. ஐப்பசி மழையில் விடியற்காலை போனார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், மழையிலேயே தூக்கினோம், மறுநாள் விடியும்வரை யாருக்கும் எதுவும் நினைவில்லை. எட்டரை மணிக்குப் பழக்கத்தில் டின் பக்கம் போனேன். இரண்டு நாள் தண்ணீர் சேர்ந்து நின்றது, 41 மி.மீ. பாதி பாதியாகப் பிரித்து எழுதக் கை போனது. நோட்டில் முந்தின நாளுக்கு நேரே கோடு இழுத்தேன். மறுநாளில் 41 போட்டு, "இரண்டு நாள் சேர்த்து" என்று பக்கத்தில் எழுதினேன். அப்பா இறந்த நாள் அந்த நோட்டில் ஒரு கோடாக இருக்கிறது.

நவம்பர் 3

கூடலூரிலிருந்து ஒரு தங்கை ஜூலை முழுக்க அளந்த கணக்கை அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள் அவளுக்கு 62 மி.மீ., அதே நாள் எங்களுக்கு 4. அவளுக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும். எங்களுக்கு மலை குறுக்கே நின்றுவிடும், ஐப்பசி கார்த்திகையில்தான் எங்கள் முறை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கணக்கையும் ஒரே தாளில் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவள் கணக்கில் மூன்று இடத்தில் கோடு இருக்கிறது. அதைப் பார்த்ததும் மற்ற எண்களை நம்பினேன்.

கோவை நண்பர் மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வைக்கலாம் அண்ணா, தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் தள்ளி நடுவில் வையுங்கள், காற்றில் சாயாமல் செங்கல் அணை கொடுங்கள். இங்கே இன்று காலை 14.